கடல் தாண்டிச் சேவை: கைவீசிப் போகலாமா?



சம்மர் லீவு நெருங்கினால் நம்ம மில்லர்புரம் பஸ் ஸ்டாப்பில் பேச்சே மாறிவிடும். "இன்பிளான்ட் டிரெய்னிங் ஸ்பிக்கில் கிடைக்குமா, தெர்மலில் கிடைக்குமா, ஹார்பரில் நம்ம சீனியர் அண்ணன் யாராவது இருக்காங்களா?" என்பதுதான் வழக்கமான கவலை. இப்போது அதோடு புதுசாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "ஏலே, வெளிநாட்டுல மூணு வாரம் சம்மர் புரோகிராமாம். படிப்பும் உண்டு, கம்யூனிட்டி சர்வீஸும் உண்டு, கடைசியில சர்டிபிகேட்டும் உண்டாம். நீ போறியா?"

வழவழப்பான தாளில் அச்சடித்த விளம்பரம் கைக்கு வருகிறது. முன்பக்கம் பனிமலை. பின்பக்கம் நம் வயதுப் பையன் ஒருவன் ஏழைக் குழந்தைகளுக்கு நடுவில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். கட்டணம் எவ்வளவு என்பதை மட்டும் போனில் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்டால் தலை சுற்றும். உப்பளத்து வெயிலில் நிற்கிற அப்பாவும், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற அம்மாவும் நம்மில் எத்தனை பேருக்கு! அம்மா கழுத்தில் கிடப்பதை பேங்கில் வைத்து, அடுத்த நாட்டில் போய்ச் சேவை செய்துவிட்டு வருவதா? இதைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போகாதே என்று சொல்ல நான் வரவில்லை. துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவன் கடல் தாண்டாதே என்று சொன்னால் கப்பலே சிரிக்கும்! போகலாம், பார்க்கலாம், படிக்கலாம். போகிற இடத்தில் நாலு பேருக்கு உதவவும் செய்யலாம். ஆனால் சேவை என்ற பெயரில் போகும்போது ஒரு கேள்விக்கு விடை தெரிந்து போக வேண்டும். "இந்த வேலையைச் செய்து தரச் சொல்லி அந்த ஊர்க்காரர்கள் கேட்டார்களா?" இந்தக் கட்டுரையே அந்த ஒரு கேள்விதான்.

நம்மைத் தேடி வந்தவர்கள்

வெளிநாட்டுக்குப் போய்ச் சேவை செய்வதைப் பற்றிப் பேசுகிறோம். வெளிநாட்டிலிருந்து நம் கரைக்கு வந்தவர்களை முதலில் பார்ப்போம். வாங்கினவனுக்குத்தானே தெரியும், கொடுத்தது உதவியா உபத்திரவமா என்று!

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கலிலிருந்து முத்துக்குளித்துறைக்கு வந்தவர் அண்டிரிக் அடிகளார். வந்த வேலை மதப்பணி. ஆனால் அவர் செய்த முதல் காரியம் என்ன? உட்கார்ந்து தமிழ் படித்தார். தமிழுக்கு இலக்கணக் குறிப்பும் எழுதினார். புன்னைக்காயலில் நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி நடத்தினார். 1578ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகம் அவர் கை வேலைதான். மொழி தெரியாமல் வந்து மூன்று வாரத்தில் திரும்பியிருந்தால் இதில் ஒன்றாவது நடந்திருக்குமா?

அடுத்து நாசரேத். மர்காஷிஸ் என்ற பெயர் நம் மாவட்டத்தில் தெரியாதவர் குறைவு. 1870களில் இங்கிலாந்திலிருந்து வந்தவர், 1908ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். அவர் வந்தது தாது வருஷப் பஞ்சத்தின் காலம். கஞ்சி ஊற்றினால் போதும் என்று அவர் நிறுத்தவில்லை. 1878ல் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுத்தரும் பள்ளி ஒன்றும் நாசரேத்தில் தொடங்கியது. நம்ம பாலிடெக்னிக்குக்கெல்லாம் ஒரு வகையில் அது பாட்டி வீடு! கஞ்சி அன்றைக்குத் தீரும், தொழில் தலைமுறைக்கும் நிற்கும் என்பது அந்தக் காலத்திலேயே புரிந்த விஷயம்.

"அவங்க வருஷக்கணக்கில் இருந்தாங்க. நமக்கு ஒரு மாசம் லீவுதானே இருக்கு, அதில் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு மதுரையில் பதில் இருக்கிறது. லேடி டோக் கல்லூரிக்கு ஜப்பானின் சர்வதேச கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்கள் கோடை விடுமுறையில் வந்து சேவையோடு சேர்த்துப் படிக்கிறார்கள். அந்த மாணவர்கள் தனியாக வந்து இறங்கி, கண்ணில் பட்ட தெருவில் நுழைந்து எதையாவது செய்துவிட்டுப் போவதில்லை. மதுரையில் ஏற்கனவே வருஷம் முழுவதும் வேலை செய்துகொண்டிருக்கிற ஒரு கல்லூரியோடும், உள்ளூர் அமைப்புகளோடும் சேர்ந்துகொள்கிறார்கள். அவர்கள் ஊர் திரும்பினாலும் வேலை நிற்பதில்லை. ஒரு மாதத்துக்கு வருகிறவன் ஓடுகிற வண்டிக்குத் தோள் கொடுக்கலாம். புது வண்டி கட்டி நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. வித்தியாசம் அவ்வளவுதான்!

இஞ்சினியர்கள் செய்த நல்லதும் கெட்டதும்

இந்த வெளிநாட்டுச் சேவை முகாம் என்ற யோசனைக்கு முன்னோடியாக இருந்தவர் யார் தெரியுமா? பியர் செரசோல் என்ற ஸ்விட்சர்லாந்து இஞ்சினியர்! முதல் உலகப் போர் முடிந்ததும் 1920ல், பிரான்சில் வெர்டுன் பக்கத்தில் சிதைந்து கிடந்த எஸ்ன் என்ற கிராமத்துக்குப் பல நாட்டு இளைஞர்களோடு போனார். இடிபாடு அள்ளினார்கள், வீடு கட்டினார்கள். நேற்று வரை எதிரியாக நின்று சுட்டுக்கொண்ட நாட்டுக்காரர்கள் அங்கே ஒன்றாக மண்வெட்டி பிடித்தார்கள். 1934 ஜனவரி 15ல் பீகாரில் பூகம்பம் வந்தபோது அதே செரசோல் இந்தியாவுக்கு வந்தார். கிராமங்களைத் திரும்பக் கட்டும் வேலையில் நம் மக்களோடு நின்றார். கையில் மண்வெட்டி. தலையில் இஞ்சினியரிங். நமக்கு இதைவிட வேறு ஹீரோ வேண்டுமா?

இன்னொருவர் பெர்னார்ட் அமடேய். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் சிவில் பேராசிரியராக இருந்தவர். 2000ல் மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் சான் பாப்லோ என்ற கிராமத்துக்குப் போனபோது, சின்னப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் தண்ணீர் சுமப்பதைப் பார்த்தார். ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டபடி மாணவர்களோடு திரும்பிப் போய்த் தண்ணீர் வசதி செய்து கொடுத்தார். அதிலிருந்து 2002ல் பிறந்ததுதான் 'எல்லைகளற்ற இஞ்சினியர்கள்' அமைப்பின் அமெரிக்கக் கிளை. அவர்கள் வைத்திருக்கிற விதி என்ன? ஊர் கேட்க வேண்டும். ஒரு ஊரை எடுத்தால் குறைந்தது ஐந்து வருஷம் விடக் கூடாது. மாணவர்கள் மாறலாம், பொறுப்பு மாறாது.

சரி, கேட்காமல் செய்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு பம்ப் கதைதான். தென்னாப்பிரிக்காவில் 'பிளே பம்ப்' என்று ஒன்று வந்தது. பிள்ளைகள் ராட்டினம் சுற்றி விளையாட விளையாட, தண்ணீர் தொட்டிக்கு ஏறும். கேட்கவே எவ்வளவு ஆனந்தம்! 2006ல் அமெரிக்காவிலிருந்து கோடிக்கணக்கில் பணம் குவிந்தது. ஒன்றின் விலை சுமார் 14,000 டாலர். மொசாம்பிக், மலாவி, ஜாம்பியா என்று பல நாடுகளில் நட்டார்கள். நாளெல்லாம் ராட்டினம் சுற்ற எந்தப் பிள்ளைக்கு முடியும்? கடைசியில் வயசான பெண்கள் வெயிலில் நின்று அந்தச் சக்கரத்தைக் கையால் தள்ளினார்கள். பழுதானால் பிரிக்கவும் பூட்டவும் உள்ளூரில் ஆள் இல்லை, பார்ட்ஸும் இல்லை. சில வருஷங்களிலேயே திட்டம் படுத்துவிட்டது. "உங்களுக்கு இது வேணுமாம்மா?" என்று தண்ணீர் எடுக்கிற ஒரு அம்மாவிடம் முதலிலேயே ஒழுங்காகக் கேட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும் பணம் எவ்வளவு!

அதே பம்ப் விஷயத்தில் நம் நாட்டுக் கதையைப் பாருங்கள். நம் தெருமுனையில் நிற்கிற சாதாரணக் கைபம்ப், 'இந்தியா மார்க் 2'. சோலாப்பூர்ப் பக்கம் புழக்கத்தில் இருந்த பம்பை அடிப்படையாக வைத்து, 1970களில் யூனிசெஃப் துணையோடு உருவானது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமக் கிணறுகளில்தான் அதைச் சோதித்தார்கள். சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் கம்பெனி தயாரித்தது. வெளிநாட்டு உதவி இதிலும் இருந்தது, ஆனால் அடித்துப் பார்த்தது நம் பெண்கள், கழற்றிப் பார்த்தது நம் மெக்கானிக்குகள். கிராமத்தில் ஒருவர் கவனித்துக்கொள்வார். அவரால் முடியாததை ஒன்றிய மெக்கானிக் பார்ப்பார். அவராலும் முடியாவிட்டால் மாவட்டத்திலிருந்து வண்டி வரும். இந்த மூன்று படி ஏற்பாடும் தமிழ்நாட்டில் அப்போதே வந்துவிட்டது. அந்த பம்ப் பிறகு ஆப்பிரிக்கா வரை போனது. ஒன்று விளம்பரத்தில் ஜெயித்தது, இன்னொன்று தண்ணீரில் ஜெயித்தது!

மெஷின் பழுதானால் பரவாயில்லை. மனுஷன் பழுதாவதுதான் கொடுமை. கம்போடியாவில், வெளிநாட்டு டூரிஸ்டும் மாணவனும் வந்து ரெண்டு நாள் அனாதைப் பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டுப் பணம் கொடுத்துப் போகிற பழக்கம் வந்ததும், அனாதை விடுதிகள் பெருகின. பெருகினது விடுதி, அனாதைகள் அல்ல! அங்கே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்ததாக யூனிசெஃப் சுட்டிக்காட்டியது. விளம்பரத்தின் பின்பக்கத்தில் சிரிக்கிற குழந்தைகளைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வராமல் இல்லை.

2023 டிசம்பரில் நாம் வாங்கிய பாடம்

இதெல்லாம் எங்கேயோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரால் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. நான் அப்போது முதலாண்டு. நம் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர்.

அந்த இரவில்தான் திருச்செந்தூர் - சென்னை எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள். தண்டவாளத்துக்குக் கீழே மண் அரித்துப் போய்விட்டது, சுற்றிலும் வெள்ளம். அவர்களுக்கு முதலில் சோறு கொடுத்தது யார்? பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள். தங்கள் ஊரே தண்ணீரில் கிடந்தபோது, இருக்கிற அரிசியைப் போட்டுப் பொங்கி, யாரென்று தெரியாத பயணிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதற்கு யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை. அவன் பசி என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

தண்ணீர் வடிந்த பிறகு நடந்ததையும் சொல்கிறேன். வெளியூரிலிருந்து நல்ல மனசோடு லாரி லாரியாகச் சாமான் வந்தது. அரிசியும் பாயும் போர்வையும் உயிர் காத்தன. மறுப்பதற்கில்லை. ஆனால் எங்கள் தெருவில் பழைய துணி மூட்டை மூட்டையாக இறங்கியது. கிழிந்த பேண்ட், பட்டன் இல்லாத சட்டை. வாங்கவும் ஆளில்லை, அள்ளவும் ஆளில்லை. தெருவோரத்திலேயே நனைந்து நாறியது. அன்றைக்குத் தெருவுக்கு வேண்டியது வேறு. தண்ணீர் மோட்டார் எல்லாம் மூழ்கிக் கிடந்தது. பைக்கின் இஞ்சினுக்குள் தண்ணீர். மெயின் சுவிட்சைப் போடலாமா கூடாதா என்று ஒவ்வொரு வீட்டிலும் பயம்.

எங்கள் செட்டில் நாலு பேர் சேர்ந்து ஒவ்வொரு வீடாகப் போனோம். "அத்தை, என்ன செய்யணும்?" என்று கேட்டோம். மெக்கானிக்கல் பையன்கள் பைக்கின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கர் மிதித்துத் தண்ணீரை வெளியேற்றி, இஞ்சின் ஆயிலை மாற்றினார்கள். டிரிபிள் ஈ பையன்கள் மோட்டாரைப் பிரித்துக் காய வைத்து, மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்த பிறகுதான் லைன் கொடுத்தார்கள். எங்களோடு வந்த தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி பாதி வேலையைச் சொல்லிக் கொடுத்தார், மீதி வேலையை அவரே செய்தார். நாலு நாளில் எத்தனை மோட்டார் ஓடியது என்று கணக்கு வைக்கவில்லை. ஆனால் அந்தத் தெருவில் இன்றைக்கும் எங்களுக்கு டீ இலவசம்!

சொல்ல வருவது இதுதான். ஒரு லாரிப் பழைய துணியைவிட ஒரு ஸ்பேனர் பெரிய சேவை, கேட்டுச் செய்தால். டிப்ளமோதானே என்று நம்மையே நாம் தாழ்த்திப் பேசுகிறோமே, அந்த டிப்ளமோக்காரன் கையில் இருக்கிற தொழில் எந்த நாட்டிலும் செல்லும் காசு.

கயிறு யார் கையில்?

நம் கடலிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு நம் கரையில் நின்று போயிற்று. சங்கு குளிப்பு இன்றும் உண்டு. அந்தக் காலத்தில் குளியாளி கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிறு பிடித்து நிற்பார். கீழிருந்து கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும், ஒரு நொடி தாமதித்தாலும் உயிர் போகும். அதனால் மச்சான் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்களாம். தங்கச்சி தாலி அல்லவா அந்தக் கயிற்றில் தொங்குகிறது! பெரியவர்கள் சொல்லக் கேட்டது.

வெளிநாட்டுக்குச் சேவைக்குப் போகிறவனுக்கும் அப்படித்தான். அந்த ஊரில் கயிறு பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஊர் மொழி தெரிந்த, அந்த ஊரில் மதிப்புள்ள, நாம் போன பிறகும் அங்கேயே இருக்கப்போகிற ஆள். அப்படி ஒருவர் இல்லாத நிகழ்ச்சியில் சேவை இருக்காது, போட்டோ மட்டும்தான் இருக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மாவா சொன்னார்கள்!

அப்படியானால் வாய்ப்பே இல்லையா?

நிறைய இருக்கிறது. நம் தமிழே ஒரு வாய்ப்பு. சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கட்டட வேலையிலும் கப்பல் கட்டும் தளத்திலும் நம் தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் ஏராளம். வேலையில் அடிபட்டோ, சம்பளத் தகராறிலோ மாட்டி, வேலை செய்ய முடியாமல் நிற்கிறவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் 2008லிருந்து இலவசச் சாப்பாடு தந்து வருகிறது 'டிரான்சியண்ட் வொர்க்கர்ஸ் கவுண்ட் டூ' என்ற அமைப்பு. 'ஹெல்த் சர்வ்' என்ற இன்னொரு அமைப்பு 2006லிருந்து அவர்களுக்கு மருத்துவ உதவி செய்கிறது. டாக்டர் கேட்பது தொழிலாளிக்குப் புரியாது, தொழிலாளி சொல்வது டாக்டருக்குப் புரியாது. அங்கே நடுவில் நிற்கத் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் தெரிந்த ஒரு பையன் எவ்வளவு பெரிய உதவி! பாரம் நிரப்பத் தெரிந்தால் போதும். சிங்கப்பூருக்குப் படிப்புச் சுற்றுலா போகிறவன் மால் பார்த்துவிட்டு வராமல் இப்படி இரண்டு சாயங்காலம் செலவழிக்க முடியுமா என்று அங்கே கேட்டுப் பார்க்கலாமே.

இங்கிலாந்துக்கு விசிட்டர் விசாவில் போகிறவர், பதிவு பெற்ற தர்ம ஸ்தாபனத்தில் மொத்தம் 30 நாள் வரை சம்பளமில்லாத் தொண்டு செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஜெர்மனி 2008ல் தொடங்கிய 'வெல்ட்வெர்ட்ஸ்' திட்டத்தில் அந்நாட்டு இளைஞர்கள் இந்தியா உட்படப் பல நாடுகளுக்கு வருகிறார்கள். 2013லிருந்து நம்மைப் போன்ற நாட்டு இளைஞர்களும் ஜெர்மனிக்குப் போய்த் தொண்டு செய்ய அதில் ஒரு பிரிவு வந்தது. ஆனால் அது லீவுக்குப் போய் வருகிற விஷயமல்ல, சுமார் ஒரு வருஷம். 2022ல் தொடங்கிய நம் அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் 2024ல் மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். நகையை அடகு வைக்காமலும் கடல் தாண்ட வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். இப்படிப்பட்ட அரசுப் பயணங்களில் ஒரு நாளாவது அந்த ஊர்த் தொண்டுக்கு ஒதுக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பணம் கட்டுகிற எந்தப் புரோகிராமாக இருந்தாலும், கையெழுத்துப் போடும் முன் நாலு கேள்வி கேளுங்கள். இந்த வேலையை அந்த ஊரில் கேட்டது யார்? என் கையில் இருக்கிற எந்தத் தொழில் அங்கே தேவைப்படுகிறது? நான் திரும்பிய பிறகு அதைப் பார்த்துக்கொள்வது யார்? என் விசா அந்தத் தொண்டுக்கு இடம் தருகிறதா? நாலுக்கும் நேரான பதில் வந்தால் தாராளமாகப் போங்கள். "அதெல்லாம் அங்கே போனா பாத்துக்கலாம் தம்பி" என்று பதில் வந்தால், தாளை மடித்து பஜ்ஜி எண்ணெய் பிழியக் கொடுங்கள். அதற்காவது பயன்படட்டும்!

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

கடல் தாண்டுவதற்கு ஒத்திகை நம் வாசலிலேயே இருக்கிறது. 1969 செப்டம்பர் 24ல் தொடங்கிய என்.எஸ்.எஸ்., இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், 7 நாள் சிறப்பு முகாம் என்று வகுத்து வைத்திருக்கிறது. அந்த 7 நாளில் நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? கோயில் வளாகத்தில் புல் பிடுங்குவது, சுண்ணாம்பு அடிப்பது, பேரணி போவது. தப்பில்லை. ஆனால் சிவில், மெக்கானிக்கல், டிரிபிள் ஈ படிக்கிற நூறு பேர் போய் நின்று, ஊருக்கு அது மட்டும்தானா?

ஆகவே என் யோசனை மூன்று. ஒன்று, முகாமுக்கு ஒரு மாதம் முன்பே சங்கத்திலிருந்து நாலு பேர் அந்த ஊருக்குப் போய், பஞ்சாயத்துத் தலைவர் முதல் தண்ணீர்க் குழாயடி அக்கா வரை, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டு எழுதி வர வேண்டும். இரண்டு, ஒவ்வொரு மாணவனுக்கும் என்ன கைவேலை தெரியும் என்று துறைவாரியாக ஒரு நோட்டு வைக்க வேண்டும். அடுத்த வெள்ளம் நம்மிடம் சொல்லிவிட்டு வராது. மூன்று, எடுத்த ஊரை வருஷா வருஷம் மாற்றாமல், ஐந்து வருஷம் ஒரே ஊரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாம் போவோம், ஜூனியர் வருவான், ஊர் அங்கேயே இருக்கும்.

இப்படி ஒரு ஊரில் நாம் வேரூன்றி நின்றால், நாளைக்கு ஒரு ஜப்பான் மாணவியோ ஜெர்மன் மாணவனோ கோடைக்குத் தூத்துக்குடி வந்தால், "வாங்க, எங்களோட சேர்ந்து இந்த வேலையைச் செய்யுங்க" என்று கூப்பிட நமக்கு ஒரு வேலை இருக்கும். அவர்களுக்குக் கயிறு பிடிக்கிற மச்சான் நாமாக இருப்போம். அவர்கள் ஊருக்கு நாம் போகும்போது, நமக்குக் கயிறு பிடிக்க அங்கேயும் ஒரு கை இருக்கும். கடன் வாங்கிப் போகிற பயணத்தைவிட இந்தப் பழக்கத்தில் போகிற பயணம் நீடிக்கும்.

நண்பர்களே, சூட்கேஸில் இடம் இருந்தால் ஒரு ஸ்பேனர் செட் போட்டுக்கொள்ளுங்கள், பிளேன் ஏறும்போது கைப்பையில் மட்டும் வேண்டாம், பிடுங்கிவிடுவார்கள்! வாயில் அந்த ஊர் மொழியில் "என்ன செய்யணும்?" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கேட்டுச் செய்கிற கை எந்த நாட்டிலும் வெறுங்கையாகத் திரும்பாது.